மயக்க மருந்தை இயந்திரமே கொடுத்துவிடுமா?

"இனி அறுவை சிகிச்சைக்கு மயக்கவியல் மருத்துவர் வேண்டாம், செடாசிஸ் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

செடாசிஸுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் குடல், இரைப்பை எண்டோஸ்கோப்பியின்போது (கேமரா பொருத்திய குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தி லேசாக அயரவைக்க மட்டும். அறுவை சிகிச்சைக்கு அல்ல. விற்பனை மந்தமானதால் 2016இல் அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே கைவிட்டது. இந்தப் பகுதியை யாரோ வசதியாக வெட்டிவிட்டார்கள்.

மூளை அலைகளைப் பார்த்து மருந்தின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புகள் ஆய்வுகளில் இருக்கின்றன. ஆனால் மூச்சு தடைப்பட்டால் தாடையைத் தூக்கிப் பிடித்துக் குழாய் செருக மருத்துவர்தான் வேண்டும்.

அனுமதி விவரம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.