கியூபா ஏவுகணை நெருக்கடியில் கென்னடி எதையுமே விட்டுக்கொடுக்கவில்லையா?

1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுவியதால் எழுந்த நெருக்கடியின்போது, நடுக்கடலில் அமெரிக்கப் போர்க்கப்பல்களைக் கண்டதும் சோவியத் கப்பல்கள் திரும்பி ஓடின, அமெரிக்க அதிபர் கென்னடி இம்மியளவும் இறங்கிவராமல் சோவியத் தலைவர் குருசேவைப் பணியவைத்தார் என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தவறு.

ஏவுகணை ஏற்றிவந்த கப்பல்கள், கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை போட்ட தடுப்பு வளையத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் முன்பே, மாஸ்கோவின் உத்தரவுப்படி திரும்பிவிட்டன. நேருக்கு நேர் மோதலே அங்கே இல்லை.

அப்புறம், விட்டுக்கொடுத்த கதை. அக்டோபர் 27, கியூபா மேலே யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி ரூடால்ஃப் ஆண்டர்சன் உயிரிழந்த அதே நாள் இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்து, துருக்கியில் இருக்கும் அமெரிக்காவின் ஜூப்பிட்டர் அணு ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் இது வெளியே வரக்கூடாது என்றார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்ற உறுதி தனி. அது வெளிப்படையாகவே தரப்பட்டது. மறுநாளே குருசேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இந்த ஏற்பாட்டை எழுத்தில் வைத்து குருசேவ் அனுப்பிய கடிதத்தை ராபர்ட் வாங்கிவைத்துக்கொள்ளவில்லை, அக்டோபர் 30 அன்று டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். காகிதம் இல்லாவிட்டாலும் வாக்கு காப்பாற்றப்பட்டது: 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்த 15 ஜூப்பிட்டர்களும் இறக்கப்பட்டன. பல ஆண்டுகள் மறைத்ததால்தான் பொய் இவ்வளவு வேர்விட்டது. உலகம் அன்று பிழைத்தது முறைப்பால் அல்ல, இரு பக்கமும் இறங்கிவந்ததால். தயவுசெய்து அந்தப் பதிவைப் பகிராதீர்கள்.