பேஸ் கேபினெட் வாங்கும்போது வாட் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள்

பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, வாங்கக் கிளம்பும்போது முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். எனக்கு எரிச்சலூட்டும் கேள்வி இது. கேபினெட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் எண், அது எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்வதில்லை. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகாமல் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. கீழ் ஸ்தாயியில் அந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு ஸ்வரத்தை அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்க வேண்டுமானால், மூடிய பெட்டியில் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஐந்து தந்தி பேஸின் கீழ் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். ஈக்வலைசரில் பேஸ் குமிழை முழுக்கத் திருகி அதை அடித்துப் பாருங்கள். 500 வாட் என்று மார்தட்டும் பெட்டியும், சுருள் சூடாவதற்கு வெகு முன்பே கூம்பு எல்லையை முட்டித் தடதடக்கும்.

பார்க்க வேண்டிய எண் சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு அது. ஒரு பெட்டி 97, இன்னொன்று 100 என்றால், இரண்டாவதில் 300 வாட் தருவதை முதலாவதில் எட்ட 600 வாட் வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். பெரிய ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) வாங்கி இந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்ப்பது வீண் செலவு.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பொருந்தாது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஹாஃப்மன் விதி. கையடக்கப் பெட்டி ஒன்று மூன்றையும் தருவதாக விளம்பரம் சொன்னால், எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள்.

இந்த மூன்றில் ஆழத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்.வி.டி. ஆம்பையும், அதற்கென எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய கேபினெட்டையும் கொண்டுவந்தது. ராக் மேடைகளின் பேஸ் ஒலி என்றால் இன்றும் பலருக்கு அதுதான். ஆனால் அந்தப் பூதம் ஒன்றும் அதல பாதாளத்துக்கு இறங்குவதில்லை. 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே சரியத் தொடங்கிவிடுகிறது. நான்கு தந்தி பேஸின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். இருந்தும் யாரும் குறை சொல்வதில்லை. அந்தத் தந்தியோடு சேர்ந்தே 82, 123 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் மேல் சுரங்களை வைத்தே மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. போதாததற்கு அந்த அடிமட்டத்தில் காலால் அடிக்கும் கிக் டிரம் ஏற்கெனவே குடியிருக்கிறது. இசைக்குழுவுக்குள் பேஸைத் தனித்துக் காட்டுவது அதன் நடுச்சுரங்கள், அதாவது ஒலியின் நடு அதிர்வெண்கள். கடையில் தனியாக வாசிக்கும்போது நெஞ்சை அதிரவைத்த பெட்டி, மேடையில் வெறும் உறுமலாகக் கரைந்துபோவது இதனால்தான்.

ஆகவே கடையில் சோதிக்கும்போது உங்கள் சொந்த பேஸையே எடுத்துச் செல்லுங்கள். குமிழ்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். முடிந்தால் டிரம் பதிவு ஒன்றை ஓடவிட்டு, அதனோடு வாசியுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறும்போது ஒரு ஸ்வரம் மட்டும் துருத்திக்கொண்டு ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். வேறிடத்தில் நின்று கேட்டும் அதே ஸ்வரம் துருத்தினால், அந்தப் பெட்டி வேண்டாம். பிறகு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, பக்கவாட்டில் நடந்து பாருங்கள். நேர் எதிரே கேட்ட தெளிவு ஓரத்திலும் இருக்கிறதா? அருகருகே வைத்த ஸ்பீக்கர்களின் நடுச்சுரங்கள் ஓரங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பக்கவாட்டில் ஒலி விரிவாகப் பரவுவதோடு, மேல் ஸ்பீக்கர் உங்கள் காதை நெருங்கிவிடும். முழங்கால் உயரத்தில் ஒலிக்கும் பெட்டியை முழங்காலால் கேட்க முடியாது அல்லவா!

பத்தங்குலமா, பதினைந்தங்குலமா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. கூம்பின் அகலம் மட்டும் ஆழத்தைத் தீர்மானிப்பதில்லை. ஸ்பீக்கரின் குணமும் பெட்டியின் கொள்ளளவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பெரிய மேடையில் உங்கள் ஒலி டி.ஐ. (பேஸின் சிக்னலை நேரடியாக அனுப்பும் இணைப்பு) வழியாக மிக்ஸருக்குப் போய்விடும். அங்கே கேபினெட் உங்களுக்கும் டிரம்மருக்கும்தான். சப்வூஃபர் இல்லாத சிறிய அரங்கில் மொத்தச் சுமையும் அதன் தலையில். இரண்டுக்கும் சேர்த்து என் தேர்வு: எடை குறைந்த நியோடிமியம் காந்தம் கொண்ட ஒற்றை 12 அங்குலப் பெட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றின் மின் எதிர்ப்பும் 8 ஓம். ஒத்திகைக்கு ஒன்று, மேடைக்கு இரண்டு. இணையாகச் சேர்த்தால் 4 ஓம். பெரும்பாலான ஆம்ப்கள் அதைத் தாங்கும். முதல் பெட்டியே 4 ஓம் என்றால், அதேபோல் இன்னொன்றைச் சேர்த்ததும் 2 ஓமுக்கு இறங்கிவிடும். பல ஆம்ப்களுக்கு அது ஆகாது. கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பீக்கருக்கென்றே செய்த, திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்பு இருந்தால் அதையே எடுங்கள்.

உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைப் பற்றிக் கேட்டால், அதன் அளவைக் குறைக்கும் குமிழ் பின்னால் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். வாங்கியதும் அதைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்துவிடுவேன். கட்டைவிரலால் தந்தியை அறைந்து ஸ்லாப் வாசிப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரியும்.