வோல்ட்டை ஏற்றினால் மட்டும் போதாது
"பவர் சப்ளையின் 12 வோல்ட் அவுட்புட்டில் 16 வோல்ட் கெபாசிட்டருக்குப் பதில் 25 வோல்ட் போட்டால் உப்பவே உப்பாது" என்று சிலர் சொல்வது தவறு. எஸ்எம்பிஎஸ்ஸில் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். ரிப்பிள் கரன்ட் (ஏறி இறங்கும் கரன்ட்) இஎஸ்ஆரில் (கெபாசிட்டரின் உள் எதிர்ப்பு) ஓடி உள்ளே சூடாக்கும். கெபாசிட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் மெல்ல வற்றும். இஎஸ்ஆர் ஏறும், சூடு இன்னும் கூடும். சாதாரண 25 வோல்ட்டைவிட நல்ல லோ இஎஸ்ஆர் 16 வோல்ட்டே மேல்.

105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர் 75 டிகிரியில் சுமார் 16,000 வரை போகும் (10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, தோராயக் கணக்குதான்). டேட்டாஷீட்டில் 100 கிலோஹெர்ட்ஸில் தாங்கும் ரிப்பிள் கரன்ட் அளவைப் பாருங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டைப் பேரலலாகப் போடுங்கள். சூடேறும் ஹீட்சிங்கில் (மற்ற பாகங்களின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) ஒட்டி நிறுத்தினால் எந்த பிராண்டும் தாங்காது.