பிள்ளைகள் முன்னால் "செத்த மொழி" என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை இங்கே திருகோணமலையில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மேடையில் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரின் பெயரை இங்கே இழுக்க விருப்பமில்லை. ஆனால் இரண்டு நாளாக மனம் ஆறவில்லை. ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளை முன்வரிசையில் வைத்துக்கொண்டு, "பாஸ்கல் செத்த மொழி, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்றார். சிலர் கையும் தட்டினார்கள்.

பாஸ்கல் ஒரு கணினி மொழி, அதாவது செய்நிரல் எழுதும் மொழி. அதைச் செய்தவர் நிக்லாவுஸ் விர்த். 1934இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படிப்பித்துவிட்டு நாடு திரும்பியவர். சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1970இல் பாஸ்கலை வெளியிட்டார். மாணவர்களுக்கு ஒழுங்காகச் செய்நிரல் எழுதப் பழக்க வேண்டும் என்று செய்த மொழி அது. இன்றும் நம் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அதையா செத்தது என்கிறீர்கள்?

நான் படித்த காலத்தில் எங்கள் லாபில் நான்கு கணினிதான் ஓடும். கரண்டும் அடிக்கடி போகும். அதனால் கொப்பியில்தான் பாஸ்கல் எழுதினோம். மடத்தடியில் ரியூசன் எடுத்த சேர் சிவப்புப் பேனையோடு வரி வரியாகப் போவார். அரைப்புள்ளி விடுபட்டால் ஒரு வட்டம். கடைசி 'எண்ட்'டுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் இன்னொரு வட்டம். மாறிக்கு மதிப்பைக் கொடுக்க முக்காற்புள்ளியும் சமனும் சேர்த்துப் போட வேண்டும், ஒப்பிட வெறும் சமன் போதும். "குடுக்கிறதும் கேக்கிறதும் ஒண்டில்லப் பிள்ளையள்" என்பார். பிறகு கம்பஸில் சி மொழி படித்தபோது, மதிப்பைக் கொடுக்க ஒரு சமன், ஒப்பிட இரண்டு சமன் என்று வரும் அந்த இடத்தில்தான் பலர் வழுக்கினார்கள். எனக்கு வழுக்கவில்லை.

"இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். சரி, பாஸ்கல் மட்டும் தெரிந்து இன்று வேலை எடுப்பது கஷ்டம்தான். ஏ.எல்.இல் (உயர்தரத்தில்) பைத்தன் மொழி வருகிறது, படிக்கட்டும். ஆனால் ஐயா, நீங்கள் மேடையில் புகழ்ந்த டைப்ஸ்கிரிப்ட் மொழி எங்கிருந்து வந்தது? டர்போ பாஸ்கல் என்ற பாஸ்கல் மென்பொருளின் தொகுப்பானை (செய்நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவதை) எழுதிய அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் பிறகு சி ஷார்ப்பையும் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தார். பாஸ்கல் செத்திருந்தால் இவையெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள்?

"படிப்பித்துச் சம்பாதிக்கிறபடியால் பேசுகிறாய்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். ஆம், படிப்பிக்கிறேன். மழைக்காலத்தில் கடற்கரை வீதியால் நனைந்து வருகிற பிள்ளைக்குக் காசு வாங்காமலும் படிப்பிக்கிறேன். இதைச் சொல்லவேண்டி வந்ததே எனக்கு வலிக்கிறது.

ஞாயிறு காலை கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை, கொப்பியைத் திறக்காமலே கேட்டாள்: "மிஸ், அப்ப நாங்க இவ்வளவு நாளும் படிச்சது வீணா?"

விர்த்தைப் பற்றித்தான் அவளுக்குச் சொன்னேன். 1984இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை வாங்கியும் அவர் ஓயவில்லை. அதற்கு முன்பே மொடியுலா என்ற மொழியைச் செய்திருந்தார், பிறகு ஒபரோன் என்ற மொழியையும் அதே பெயரில் ஒரு இயங்குதளத்தையும் செய்தார். 1999இல் ஓய்வு பெற்றார். அப்புறம் எண்பதை நெருங்கும் வயதில் கணினியின் மூளையான புரொசசர் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்து, அதில் ஓடும்படி ஒபரோனைத் திருத்தி எழுதினார். 2024 புதுவருடத்தன்று காலமானார். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அவள் கொப்பியைத் திறந்தாள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறீர்கள். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது நாங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம் ஐயா. அடுத்த முறை திருகோணமலைக்கு வந்தால் மேடைக்குப் போகமுன் அரை மணி நேரம் அவர்களோடு வாங்கில் இருந்து, அந்தக் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள்.