எழுபது சதவீதம் தள்ளுபடி, சரி, எதிலிருந்து?

பெரிய பிராண்டுகள் தள்ளுபடி விலையில் விற்கும் அவுட்லெட் மாலுக்குப் போய்வந்தவர்கள் போடும் பதிவுகளைக் கவனித்திருப்பீர்கள். கை நிறையப் பைகளோடு ஒரு படம், 'எழுபது சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு வரி, கீழே 'எங்கே, எத்தனை நாள் வரைக்கும்?' என்று வரிசையாகக் கமெண்ட்கள். எந்த விலையிலிருந்து எழுபது சதவீதம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவனுக்குக் கஞ்சன் பட்டம். பரவாயில்லை, நான் கேட்கிறேன்.

அவுட்லெட் மால்களுக்கு நான் எதிரி இல்லை. விவரம் தெரிந்து போனால் நல்ல சரக்கு நிஜமாகவே கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், நாம் மனதில் வைத்துக்கொண்டு போகும் கடை வேறு, அங்கே இருக்கும் கடை வேறு.

பெரிய பிராண்டின் ஷோரூமில் விற்காமல் தங்கிய சட்டை, சீசன் முடிந்ததும் இங்கே வந்து பாதி விலைக்குத் தொங்குகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆலைகள் மீந்த சரக்கையும் தையல் கோணிய சரக்கையும் முதலில் தங்கள் தொழிலாளர்களுக்கு மலிவாகக் கொடுத்தன. அப்புறம் வெளியாட்களுக்கும் கதவைத் திறந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ரெடிங் நகரில், ஒரு பின்னலாடை ஆலைக்குள் வேனிட்டி ஃபேர் என்ற ஆடை நிறுவனம் 1970-இல் திறந்த கடை இந்த வகை மால்களுக்கு முன்னோடி. அதற்குப் பிறகு வரிசையாக வந்தன: 1985-இல் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே உட்பரி காமன், 1995-இல் இங்கிலாந்தில் பிஸ்டர் வில்லேஜ், 2000-இல் ஜப்பானில் ஃபுஜி மலைக்குப் பக்கத்தில் கொத்தெம்பா.

மால்கள் பெருகின. மிச்சம் அதே வேகத்தில் பெருகுமா? ஒரு கம்பெனி கணக்குத் தப்பி அதிகமாகத் தைத்துவிட்ட சட்டைகளை மட்டும் வைத்து, அத்தனை ஊர்க் கடைகளையும் வருஷம் முழுக்க எல்லா சைஸிலும் நிரப்ப முடியாது. அதனால் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்க ஆரம்பித்தார்கள். அதே பெயர், அதே லோகோ, வேறு சட்டை. ஷோரூம் வாசலையே பார்க்காத சட்டை. வாங்குபவர்களுக்கு இது புரிகிறதா என்ற சந்தேகம் வலுத்து, 2014-இல் அமெரிக்க செனட்டர்கள் மூவரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரும் அந்நாட்டின் வர்த்தக ஆணையத்துக்கு, இதை விசாரியுங்கள் என்று கடிதமே எழுதினார்கள்.

தனியாகத் தைப்பதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். துணி கொஞ்சம் மெலிசு, லைனிங் இல்லை, பொத்தான் சாதாரண பிளாஸ்டிக், விலையும் அதற்கேற்ற விலை என்றால் அது நேர்மையான சரக்குதான். எனக்கு உறுத்துவது டேக்கில் அடித்துக் காட்டும் 'பழைய விலை'. எந்தக் கடையிலும் எவரும் கொடுக்காத விலைக்கு எப்படித் தள்ளுபடி வரும்? இதே கேள்வியோடு வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கில்தான் 2015-இல் மைக்கேல் கோர்ஸ் என்ற ஃபேஷன் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விலையைக் குறைத்திருக்கிறோம் என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். அங்கே வாங்குகிறவர்கள் அந்தக் குறைந்த விலையைத் தேடிப் பாருங்கள். 'பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலை' என்று போட்டிருந்தால் அது வேறு கதை. தயாரித்தவர் சொல்லும் தொகை அது. அந்தத் தொகைக்கு யாராவது வாங்கினார்களா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எது மிச்சம், எது அங்கேயே பிறந்தது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மிச்சம் எப்போதும் அரைகுறையாக இருக்கும். ஒரே டிசைனில் மிகச் சிறிய சைஸ் இரண்டு, மிகப் பெரிய சைஸ் மூன்று, நடுவில் ஒன்றுமே இல்லை, யாரும் தொடாத ஒரு நிறம் மட்டும் குவிந்து கிடக்கிறது என்றால் அது பெரும்பாலும் உண்மையான மிச்சம். அதே சட்டை எட்டு நிறத்தில், எல்லா சைஸிலும், மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தால் அது இங்கே விற்கவே தைத்தது. சந்தேகம் இருந்தால் டேக்கில் உள்ள மாடல் எண்ணைப் போனில் தேடுங்கள். பிராண்டின் முக்கியத் தளத்திலோ வேறு கடைகளிலோ அந்த எண் இருந்த சுவடே இல்லை என்றால் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது. சில பிராண்டுகள் லேபிளிலேயே அடையாளம் வைப்பதுண்டு. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் தன் அவுட்லெட் வரிசைக்கு வெகுகாலம் '346' என்ற எண்ணைப் பயன்படுத்தியது.

அப்புறம், லேபிளை மறந்துவிட்டுத் துணியைப் பாருங்கள். அங்கே செலவழிக்கும் நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பாருங்கள். கட்டம் போட்ட சட்டை என்றால் பக்கவாட்டுத் தையலிலும் பாக்கெட்டிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பாருங்கள். சேர்த்துத் தைக்கத் துணி அதிகம் செலவாகும், செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். ஜிப்பை நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். பெயரே தெரியாத கம்பெனிச் சட்டையாக இருந்தால் இந்த விலை கொடுப்பேனா என்று உங்களையே கேளுங்கள். 'ஆமாம்' என்றால் பில் போடலாம்.

செருப்பு, ஷூ விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. பழைய ஸ்டாக் என்றால் சட்டை கெட்டுப்போகாது, ஷூ கெட்டுப்போகும். பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் சில வருஷங்களில் உதிரத் தொடங்கும். வெளியே பளபளப்பு குறையாது, போட்டு நடந்தால் அடி பிளந்துவிடும். பல விளையாட்டு ஷூக்களில் நாக்கின் உள்பக்கத்து லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

உண்மையான லாபம் எங்கே என்று கேட்டால் நான் துணிக்கடைப் பக்கம் கையே காட்ட மாட்டேன். பீங்கான் தட்டு, எனாமல் பாத்திரம், பயணப் பெட்டி. இவற்றில் 'செகண்ட்ஸ்', அதாவது சிறு குறையால் ஒதுக்கிய சரக்கு, என்றால் குறை கண்ணுக்குத் தெரியும்: ஒரு புள்ளி, ஒரு கீறல், நிறத்தில் லேசான வேறுபாடு. எதற்காக விலை குறைந்தது என்பது உங்கள் கண் முன்னால் இருக்கிறது. உபயோகத்துக்குக் குறுக்கே வராத குறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். (பாத்திரத்தின் உள்பக்கம் எனாமல் தெறித்திருந்தால் மட்டும் வேண்டாம்.)

இனி தூரம். இந்த மால்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பதற்கு மலிவான நிலம் ஒரு காரணம். தங்களுடைய முழு விலை ஷோரூம்களுக்குப் பக்கத்தில் மலிவு விலைக் கடை வேண்டாம் என்று பிராண்டுகள் நினைப்பது இன்னொரு காரணம். ஆனால் அந்தத் தூரம் நம்மிடம் என்ன செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம், லீவு நாள் போய்விட்டது, பெட்ரோல் போய்விட்டது, வெறுங்கையோடு திரும்புவதா என்ற எண்ணம் மதியம் தாண்டியதும் தலைதூக்கும். அதற்கப்புறம் வாங்குவதெல்லாம் சட்டை வேண்டுமென்று வாங்குவது இல்லை, பயணத்துக்குக் கணக்குக் காட்ட வாங்குவது. வீட்டில் டேக் கிழிக்காமல் தொங்கும் துணிகளில் இந்த ரகம் நிறைய இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆகவே கிளம்பும் முன்பே, ஒன்றும் வாங்காமல் திரும்பலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். வேண்டிய இரண்டு மூன்று பொருள்களின் வெளி விலையை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டேக் சொல்லும் கதைக்கு அதுதான் பதில். கூட்டமில்லாத வார நாளில், கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். பெரிய செலவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஷூ மட்டும் மதியத்துக்கு மேல். நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது பொருந்துவதுதான் நிஜ சைஸ். சில மால்களில் உறுப்பினராகப் பதிந்தால் கூப்பன் தருவார்கள், தகவல் கவுண்டரில் கேட்டால் போதும். வெளிநாட்டில் வாங்குகிறீர்கள் என்றால் வரியைத் திரும்பப் பெற முடியுமா என்று முன்கூட்டியே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வெளியிலிருந்து வரும் பயணிகளுக்கு அந்த வசதி உண்டு. இங்கிலாந்தில் கடையிலிருந்து கையோடு எடுத்துப்போகும் பொருளுக்கு 2021 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள், பிஸ்டர் வில்லேஜ் போகிறவர்கள் பழைய வீடியோக்களை நம்ப வேண்டாம்.

மாற்றித் தருவார்களா என்பதை பில் போடும் முன் கேளுங்கள். அவுட்லெட்டில் வாங்கியதை அதே பிராண்டின் ஊர்க் கடை பல சமயம் வாங்கிக்கொள்ளாது. ஒரு சைஸ் மாற்ற அத்தனை தூரம் மறுபடி போக வேண்டிவரும். ஷூ வாங்கினால் பெட்டியிலிருந்து இரண்டையும் வெளியே எடுத்துப் பாருங்கள். நாள் முழுக்கப் பலர் கைபட்ட பெட்டிகளில் இடது கால் ஒரு சைஸ், வலது கால் வேறு சைஸ் என்று இருப்பது சகஜம்.