கையை ஆட்டாதீங்க, நீட்டுங்க

போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். செம்பட்டி தாண்டி வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால், வழக்கமான நிதானமான டிக், டிக் இல்லை. ரெட்டை வேகத்தில் அடித்தது. ஒரு பல்பு போனால் பல வண்டிகளில் இப்படித்தான் அடிக்கும். ஓரங்கட்டிப் பார்த்தேன். பின்பக்க வலது பல்பு பீஸ் போயிருந்தது. எலக்ட்ரீஷியன் கடை இன்னும் நாலு கிலோமீட்டரில், சாலைக்கு வலப்பக்கம்.

சரி, கை இருக்கிறதே என்று கிளம்பினேன். கடை நெருங்கியதும் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, திரும்பப் போகிறேன் என்று ரெண்டு மூணு முறை ஆட்டினேன். பின்னால் பைக்கில் வந்த தம்பி சர்ரென்று வேகத்தைக் கூட்டி என் வலப்பக்கமாகவே ஏறி வந்தான். நான் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கியிருந்தேன். நடுவில் ஒரு முழம்தான் இருந்திருக்கும். அவன் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கிச் சறுக்கி நின்றான். முகம் வெளுத்துப்போய் வந்து கேட்டான்: "அண்ணே, நீங்கதானே போகச் சொல்லிக் கை காட்டுனீங்க?"

என் கையை அவன் புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. 1989இல் வந்து 2017 வரை நடப்பில் இருந்த சாலை விதிகளைப் பாருங்கள். வலப்பக்கம் திரும்ப, வலது கையைக் கிடைமட்டமாக வெளியே நீட்டி, உள்ளங்கையை முன்பக்கம் பார்க்க வைக்க வேண்டும். பின்னால் வருபவரை முந்திப் போகச் சொல்ல, அதே கையை அதேபோல் நீட்டி, முன்னும் பின்னும் அரைவட்டமாக வீச வேண்டும். ரெண்டுக்கும் வித்தியாசம் கை அசைகிறதா, அசையாமல் நிற்கிறதா என்பது மட்டும்தான். நான் ஆட்டினேன். அந்த ஆட்டத்துக்கு "நீ போ" என்று அர்த்தம். ஒரு பிள்ளையை மண்ணில் இறக்கிவிட்டேன்.

எங்கப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவருடைய வலது முன்கை மட்டும் இடது கையைவிட ஒரு நிறம் கறுத்திருக்கும். வெயிலில் வெளியே நீட்டி நீட்டி வந்த கறுப்பு. எனக்கு வண்டி பழக்கியபோது அவர் திருப்பித் திருப்பிச் சொன்னது, "கையை ஆட்டாதே, நீட்டு. கம்பு மாதிரி நிக்கணும்." இருபது வருஷமாக இண்டிகேட்டர் குச்சியை மட்டுமே தட்டிக்கொண்டிருந்ததில் எனக்கு அது மறந்தே போயிற்று.

இண்டிகேட்டர் போனால் கை காட்ட வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் காட்ட வேண்டும் என்பதே என் பதில். அது பழைய காலத்துப் பழக்கம், இப்போது எதற்கு என்று சொல்பவர்கள் 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆம் பிரிவைப் படிக்கலாம். ஓட்டுநர் உரிய சைகைகளைச் செய்தே ஆக வேண்டும் என்றுதான் அது தொடங்குகிறது. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியில், திரும்புவதையும் நிற்பதையும் காட்ட ஒரு கருவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் பிறகுதான் வருகிறது. ஆக, கைக்குப் பதிலாக வந்ததுதான் விளக்கு. அது அணைந்தால் வேலை திரும்பவும் கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் கையை வெளியே விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்கு உறைத்தது அதுதான். பஸ்ஸில் ஒற்றை விசில் என்றால் நிற்கணும், டபுள் விசில் என்றால் போகணும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் கேட்கிறது, தானாகப் படிந்துவிடுகிறது. கை சைகையை யார் தினமும் பார்க்கிறார்கள்? ஏசி கார்களில் கண்ணாடி இறங்குவதே அபூர்வம். எல்எல்ஆர் தேர்வுக்குப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறோம், அன்று சாயங்காலமே மறந்துவிடுகிறோம். இடப்பக்கம் திரும்புவதற்கு வலது கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். இதை உங்கள் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதனால் கை காட்டும்போது சீக்கிரமே காட்டுங்கள், அசையாமல் காட்டுங்கள். காட்டிய பிறகு ரியர்வியூ கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைத்தாரா? குறைக்கவில்லை என்றால் அவருக்குப் புரியவில்லை, திரும்பாதீர்கள். பைக் ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் கஷ்டம். ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில்தான் இருக்கின்றன. முன்கூட்டியே நீட்டிவிட்டு, திரும்புவதற்குள் கை ஹேண்டில்பாருக்கு வந்துவிட வேண்டும்.

இருட்டிலும் கொட்டும் மழையிலும் கையை நம்பவே நம்பாதீர்கள். கறுத்த கை யார் கண்ணுக்குத் தெரியும்? அப்படிப்பட்ட நேரத்தில் வலப்பக்கம் போக வேண்டியிருந்தால், இடப்பக்கம் ஓரங்கட்டி நிறுத்தி, ரெண்டு பக்கமும் காலியாகும்வரை காத்திருந்து கடப்பதுதான் சரி. பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். பல்பு இல்லாமலே மாசக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் நான் பரிந்து பேசவில்லை. கை, கடை வரும்வரைக்கும்தான்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எச் போடுவதற்கும் எட்டுப் போடுவதற்கும் கொடுக்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். ஸ்டியரிங்கில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. பின்னால் நிற்கவைத்து, முன்னால் நீளும் கைக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.

என் மகள் அடுத்த மாதம் எல்எல்ஆர் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் மைதானத்தில் காரை நிறுத்தி, அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் இருபதடி பின்னால் போய் நின்றேன். முதல் தடவை அவளும் ஆட்டத்தான் செய்தாள். நாலாவது தடவை கை கம்பு மாதிரி நின்றது. அப்புறம் இடம் மாறிக்கொண்டோம். நான் இடப்பக்கத்துக்குக் கையைச் சுழற்றிக் காட்டினேன். "யாரையோ கூப்பிடுறீங்களாப்பா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இன்னும் பெரிதாக, மெதுவாகச் சுழற்றினேன்.