போய்ச் சேர்ந்ததே நல்லதாம்!

நம் சினிமா குழுவின் சனிக்கிழமை திரையிடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாகக் குழுவில் ஆளாளுக்குப் பஞ்சாயத்து பண்ணுவதைப் பார்த்த பிறகு பொறுக்கவில்லை.

'மாஸ்க்' (1985) என்ற ஹாலிவுட் படம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து ஒருவர், "பாவம் சார் அந்தப் பையன், போய்ச் சேர்ந்ததே நல்லது" என்கிறார். பாதிப் பேர் தலையாட்டுகிறீர்கள். இரண்டு மணி நேரம் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள்?

படத்தின் நாயகன் ராக்கி டென்னிஸ் நிஜமாகவே கலிபோர்னியாவில் வாழ்ந்த பையன். மண்டையோட்டிலும் முகத்திலும் எலும்பு தடித்துக்கொண்டே போகும் அபூர்வ நோய். ஏழு வயதைத் தாண்டமாட்டான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 1978இல் இறந்தபோது அவனுக்கு 16. படத்தில் வரும் ராக்கி படிப்பில் பரிசு வாங்குகிறான், பேஸ்பால் அட்டை சேர்க்கிறான், பைக்கில் ஐரோப்பாவைச் சுற்ற ஆசைப்படுகிறான். பார்வையற்ற தோழியின் கையில் சூடான கல்லை வைத்து இதுதான் சிவப்பு என்கிறான், சில்லிட்ட கல்லை வைத்து நீலம் என்கிறான். இதுவா முடிந்ததே நல்லது?

"நல்ல மனசோடதானே சொன்னார்" என்பீர்கள். அந்த நல்ல மனசைத்தான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேனே!

எனக்கு ஒன்பது வயதில் புஸ்வாணம் முகத்தில் வெடித்தது. இடது கன்னத்திலிருந்து காது வரை தழும்பு. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசியாகத்தான் நிரம்பும். ஒருமுறை பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனேன். ஸ்டூடியோ தம்பி என்னைக் கேட்காமலே தழும்பை மொத்தமாக அழித்துவிட்டு எட்டு காப்பி நீட்டினான். "டச்சப்புக்குக் காசு வேணாம்ணே" என்றான். நல்ல மனசு! அதை எடுத்துக்கொண்டு போனால், கவுண்டரில் இருந்தவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க போட்டோ கொண்டாங்க" என்றார்.

படத்தில் ஒரு கண்ணாடிக் கூடம் வருமே, முகத்தைக் கோணலாக்கும் கண்ணாடியில் ராக்கியின் முகம் 'சரியாக'த் தெரியுமே, அப்போது எல்லோரும் மூக்கை உறிஞ்சினீர்கள். நான் அந்த எட்டு காப்பியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவே போதையில் கிடக்கிறாள், அது என்ன வளர்ப்பு?" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கிடக்கட்டும். வேறு பள்ளிக்கு அனுப்புங்கள் என்றபோது மல்லுக்கு நின்று இடம் வாங்கியது அவள்தான். அந்த அம்மாவாக நடித்த செர் என்ற நடிகைக்குக் கான் திரைப்பட விழாவில் விருதே கொடுத்தார்கள். "நல்ல முகமுள்ள நடிகருக்கு மேக்கப் போட்டுத்தானே எடுத்தார்கள், அதற்கு ஆஸ்கர் வேறு" என்கிறீர்களா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. விடுங்கள்.

நம் ஊரில் மட்டும் என்ன? கன்னத்தில் தழும்பு என்றால் அடியாள். டியூஷனுக்கு நான் உள்ளே நுழைந்தால் பின்பெஞ்சில் வாயாலேயே வில்லன் மியூசிக் போடுவார்கள். சிரித்துக்கொண்டே போய் உட்காருவேன். சிரிக்காவிட்டால் நமக்குத்தான் ஜோக் புரியாதாம்.

அப்புறம், மைக் பிடித்தவர் கிளம்பும்போது என்னிடம் வந்தது யாருக்கும் தெரியாது. தோளைத் தட்டி, "உங்களைச் சொல்லல சார். உங்களுக்கு அவ்வளவு மோசமில்லையே" என்றார்.

எவ்வளவு மோசமாக இருந்தால் போய்ச் சேர வேண்டும் சார்? ஒரு அளவு சொன்னால் வசதியாக இருக்கும். கன்னம் மட்டுமா, மூக்கும் சேர்த்தா?

சமாதானம் பேச யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். புரொஜெக்டருக்கு என் பங்கு ஆயிரம் ரூபாயை எப்போதோ கொடுத்தாயிற்று. அடுத்த மாதமும் வருவேன், முன்வரிசையில்தான் உட்காருவேன்.